சால்ட்டேர் கிராமத்தின் வரிசை வீடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் சால்ட்டேர் என்ற கம்பளி ஆலைக் கிராமத்தில், விக்டோரியா மகாராணி காலத்துத் தொழிலாளர் வீடு ஒன்றில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தேன். பார்க்க வந்த நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இந்த வீடுகளைக் கடந்து போகிறவர்கள் "அழகாக இருக்கிறது" என்று சொல்லி ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கொஞ்சம் நின்று பார்த்தால், ஆலையில் யார் மேலே, யார் கீழே என்பதைச் சுவரே சொல்லிவிடும். அதை எப்படிப் பார்ப்பது என்பதற்காகத்தான் இந்தப் பக்கம்.

சால்ட்டேர் எங்கே இருக்கிறது? பெயர் எப்படி வந்தது?

இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்‌ஷயரில், பிராட்ஃபோர்ட் நகரத்துக்குச் சற்று வடக்கே, ஷிப்லி என்ற ஊரை ஒட்டி இருக்கிறது. கிராமத்தைக் கட்டியவர் டைட்டஸ் சால்ட். பக்கத்தில் ஓடும் நதி ஏர். இரண்டும் சேர்ந்து சால்ட்டேர். உப்புக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் இல்லை.

ஒரு கம்பளி ஆலை முதலாளி ஏன் ஊரையே கட்டினார்?

அன்றைய பிராட்ஃபோர்ட் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இது புரியும். 1801-இல் சுமார் 13,000 பேர் இருந்த ஊர், 1851-இல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. உலகத்தின் கம்பளித் தலைநகர் என்று பெயர் வாங்கிய நகரத்தில் சாக்கடைக்கு வழியில்லை. குடிநீருக்கும் வழியில்லை. ஆலைப் புகைபோக்கிகளின் கரி எல்லார் மேலும் விழுந்தது. நகரத்துக் கழிவெல்லாம் கால்வாயிலும் ஓடையிலும் கலந்தது. டைட்டஸ் சால்ட் 1848-49-இல் அந்த நகரத்தின் மேயர். அப்போது வந்த காலராவில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

அவருக்கு பிராட்ஃபோர்டில் ஐந்து ஆலைகள் இருந்தன. அல்பாக்கா என்ற தென்னமெரிக்க விலங்கின் முடியை மென்மையான, பளபளப்பான துணியாக நெய்யும் வழியைக் கண்டுபிடித்துப் பெரும் பணம் சம்பாதித்தவர். ஐந்து ஆலைகளையும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோக முடிவு செய்தபோது, நகரத்துக்குள் இடம் தேடாமல் வெளியே வந்தார். ஏர் நதி, லீட்ஸ்-லிவர்பூல் கால்வாய், ரயில் பாதை மூன்றும் ஒன்றையொன்று ஒட்டிப் போகிற இடத்தைத் தேர்ந்தெடுத்தார். வியாபாரக் கணக்கும் அதில் இருந்தது: மூலப்பொருள் வர, துணி போக, நீராவிக்குத் தண்ணீர் எடுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

1853 செப்டம்பர் 20, அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள். அன்றுதான் ஆலை திறந்தது. முகப்பின் நீளம் 545 அடி. தொடக்கத்தில் தொழிலாளர்கள் பிராட்ஃபோர்டிலிருந்து ரயிலில் வந்து போனார்கள். வீடுகள் அதற்கு அடுத்த வருடத்திலிருந்து எழ ஆரம்பித்தன.

வீடுகளை வடிவமைத்தது யார்? ஏன் இத்தாலிய பாணி?

லாக்வுட், மாசன் என்ற கூட்டாளிகள். பிராட்ஃபோர்டின் செயின்ட் ஜார்ஜ் ஹால், கம்பளிச் சந்தை, நகர மண்டபம் எல்லாம் இவர்கள் கைவண்ணம்தான். ஒரு நகரத்தின் பெரிய கட்டடங்களைக் கட்டியவர்களே கூலித் தொழிலாளியின் சின்ன வீட்டையும் வரைந்தார்கள். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட வீட்டை யாரும் கட்டடக் கலைஞரிடம் கொடுத்து வரையச் சொல்ல மாட்டார்கள். சின்னக் காண்ட்ராக்டர்கள் எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாகக் கட்டி வாடகைக்கு விட்டுவிடுவார்கள்.

இத்தாலிய பாணி அன்று வணிகப் பெருமையின் பாணி. வெனிஸ், ஃப்ளாரன்ஸ் வணிகர்களின் மாளிகைகளைத் தங்கள் முன்மாதிரியாக யார்க்‌ஷயர் கம்பளி வியாபாரிகள் நினைத்தார்கள். 1868-இல் கட்டிய புதிய ஆலையின் புகைபோக்கி, வெனிஸில் உள்ள ஒரு தேவாலயத்தின் மணிக்கூண்டு மாதிரியிலேயே எழுப்பப்பட்டது. வீடுகளில் அந்தப் பாணி அடக்கமாகத்தான் தெரியும்: அரைவட்ட வளைவு வைத்த ஜன்னல்கள், வரிசையின் முனையில் உயர்ந்து நிற்கும் வீடுகள், தெரு முழுவதும் ஒரே சீராக ஓடும் கல்வேலை.

எதைக் கொண்டு கட்டினார்கள்?

அக்கம்பக்கத்து மணற்கல், உள்பக்கம் செங்கல், கூரைக்கு வேல்ஸிலிருந்து ரயிலில் வந்த ஸ்லேட். கல்லின் முகத்தை வழவழப்பாக இழைக்காமல் சுத்தியலால் கொத்திய தடத்தோடு விட்டிருப்பார்கள். சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு கல்லிலும் அந்தக் கொத்து தனித்தனியாகத் தெரியும். புதிதாக இருந்தபோது கல் தேன் நிறம். பிறகு நூறு வருடப் புகை படிந்து கறுத்தது. இன்றைக்குச் சில வீடுகள் வெளுத்தும் சில வீடுகள் கறுத்தும் இருப்பதற்குக் காரணம், சிலர் சுத்தம் செய்தார்கள், சிலர் அப்படியே விட்டார்கள்.

சாதாரணத் தொழிலாளியின் வீட்டுக்குள் என்ன இருந்தது?

கதவைத் திறந்தால் நேராகக் கூடம். திண்ணை, முன்னறை எதுவும் கிடையாது. நடைபாதையிலிருந்து ஒரு கல்படி, அப்புறம் வீடு. கூடத்தில்தான் அடுப்பு, சாப்பாடு, குளிர்காய்வது எல்லாம். பின்னால் பாத்திரம் துலக்க, துணி அலசச் சின்ன அறை. கீழே உணவுப்பொருள் வைக்க நிலவறை. மாடியில் இரண்டு அல்லது மூன்று படுக்கையறைகள். பின்பக்கம் சுவர் எடுத்த சின்னக் கொல்லை. அதில் சொந்தக் கக்கூஸ், கரி வைக்கும் இடம். கொல்லைக்குப் பின்னால் ஒரு சந்து.

இதில் எதைப் பெரிதாக எடுத்துக்கொள்வது என்று கேட்டால், நான் கொல்லையைத்தான் காட்டுவேன். பிராட்ஃபோர்டில் முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள் ஏராளம். மூன்று பக்கச் சுவரும் அடுத்தவர் வீடு. காற்று வருவதும் போவதும் ஒரே பக்கம். கக்கூஸ் பல குடும்பங்களுக்குப் பொது. சால்ட்டேர் வீட்டில் முன்கதவைத் திறந்து பின்கதவையும் திறந்தால் காற்று ஊடுருவிப் போகும். ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய்த் தண்ணீர், விளக்குக்கு கேஸ். காலராவைக் கண்ணால் பார்த்த மேயர் கட்டிய வீடு என்பது முன்பக்க அலங்காரத்தைவிடப் பின்பக்கத்தில்தான் தெரிகிறது.

காலமும் துணை நின்றது. கண்ணாடி மீதான வரி 1845-இலும், செங்கல் வரி 1850-இலும், ஜன்னல் வரி 1851-இலும் எடுக்கப்பட்டன. அதற்கு முன்பு ஏழை வீட்டுக்கு ஒரு ஜன்னல் கூடுதலாக வைப்பதென்றால் அதுவும் ஒரு செலவுக் கணக்கு.

மேஸ்திரி வீட்டை எப்படி அடையாளம் காண்பது?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. விருந்தாளி யார் வந்தாலும் ஒரு தெருவின் நடுவில் நிறுத்தி, "எது மேஸ்திரி வீடு, சொல்லுங்கள்" என்பேன். என் மாமா ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். அவர் பஞ்சாலையில் வேலை பார்த்தவர்.

முதலில் வாசலைப் பாருங்கள். தொழிலாளி வீட்டுக் கதவு நேராக நடைபாதையில் திறக்கும். மேஸ்திரி வீட்டுக்கு முன்னால் நாலடி அகலமாவது ஒரு தோட்டம் இருக்கும். அந்த நாலடியில்தான் மரியாதை இருக்கிறது: தெருவில் போகிறவர் ஜன்னல் வழியாக அடுப்படியை எட்டிப் பார்க்க முடியாது. அப்புறம் ஜன்னலைப் பாருங்கள். அரைவட்ட வளைவும் செதுக்கிய கல்லும் இருந்தால் உள்ளே இருந்தவருக்குக் கீழே பத்து இருபது பேர் வேலை செய்தார்கள் என்று கொள்ளலாம். அந்த வீடுகளுக்குள் விருந்தினர் உட்காரத் தனி முன்னறை இருந்தது. படுக்கையறைகளும் கூடுதல்.

பிறகு உயரம். வரிசையின் முனைகளில் தரைத்தளத்தோடு சேர்த்து மூன்று தளம் உள்ள வீடுகள் எழும்பி நிற்கும். நீளமான தெருவுக்கு அவை புத்தக அடுக்கின் இரு பக்கமும் வைத்த தாங்கிகள் மாதிரி. கண்ணுக்கு ஓர் ஆரம்பமும் முடிவும் கிடைக்கிறது. பார்வைக்காகவும் கட்டினார்கள், பயன்பாட்டுக்காகவும் கட்டினார்கள். கடைசியாக ஊரின் மேற்கு ஓரத்தில் ஆல்பர்ட் சாலை. அங்கே இருப்பவை ஊரிலேயே பெரிய வீடுகள். ஆலை நிர்வாகிகளும் ஆசிரியர்களும் அங்கே இருந்தார்கள். அந்தக் காலத்தில் அவர்கள் ஜன்னலுக்கு எதிரே வீடே கிடையாது, வயல்வெளிதான்.

டைட்டஸ் சால்ட் எங்கே இருந்தார் என்று அடுத்து கேட்பார்கள். இந்த ஊரில் இல்லை. ஹாலிஃபேக்ஸுக்குப் பக்கத்தில் லைட்கிளிஃப் என்ற இடத்தில் க்ரோ நெஸ்ட் என்ற மாளிகையில் வாழ்ந்தார்.

எல்லா வீடுகளையும் ஒரே நேரத்தில் கட்டினார்களா?

இல்லை. 1854-இல் தொடங்கி 1868 வரை கட்டம் கட்டமாக. 800-க்கும் மேற்பட்ட வீடுகள், சுமார் 20 ஹெக்டேர் பரப்பில். 1871 கணக்கெடுப்பின்போது 4,300-க்கும் மேற்பட்டவர்கள் குடியிருந்தார்கள். கூர்ந்து பார்த்தால் முதல் கட்டத்துக்கும் கடைசிக் கட்டத்துக்கும் ஜன்னல் வடிவம், வாசற்கல் எல்லாம் மாறியிருப்பதைக் காணலாம்.

தெருக்களுக்கு ஏன் ஆள் பெயர்கள்?

கரோலின் என்பது சால்ட்டின் மனைவி. விட்லம் என்பது அவருடைய பிறந்த வீட்டுப் பெயர். அமீலியா, ஹெலன், ஏடா, ஹெர்பர்ட், ஜார்ஜ் என்று பிள்ளைகள் பெயர்கள் தொடர்கின்றன. பதினொரு பிள்ளைகள், ஆகவே தெருக்களுக்குப் பெயர்ப் பஞ்சம் வரவில்லை. மகாராணிக்கு விக்டோரியா சாலை, அவர் கணவருக்கு ஆல்பர்ட். வடிவமைத்த லாக்வுட்டுக்கும் மாசனுக்கும் ஆளுக்கொரு தெரு கொடுத்திருக்கிறார்கள். வீடு கட்டிக் கொடுத்தவரின் பெயரைத் தெருவுக்கு வைத்தது எனக்கு மனநிறைவு தருகிறது. கல் கொத்தியவர்கள் பெயரில் ஒரு தெரு இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

தெருவில் துணி காயப்போடக் கூடாது என்று சட்டம் இருந்ததா?

வீட்டுக்கு வீடு கயிறு கட்டித் துணி தொங்குவது சால்ட்டுக்குப் பிடிக்காது என்பது ஊர் முழுக்கச் சொல்லப்படும் செய்தி. அதற்கு மாற்றாக 1863-இல் குளியலறைகளோடு பொதுச் சலவைக்கூடம் ஒன்றைக் கட்டினார். நீராவியில் ஓடும் சலவை இயந்திரம், உலர்த்தும் அறை எல்லாம் அதில் இருந்தன. ஆனால் ஜனங்களுக்கு அது பெரிதாக ஒத்துவரவில்லை. 1894-இல் மூடினார்கள், 1936-இல் இடித்துவிட்டார்கள். அழுக்குத் துணியை ஊரார் முன்னால் மூட்டை கட்டிக்கொண்டு போக எந்த வீட்டுப் பெண்ணுக்கும் மனம் வராதுதானே.

மதுக்கடை?

சால்ட் காலத்தில் ஊருக்குள் ஒன்றுகூடக் கிடையாது. வீட்டுக்குள் குடிப்பதற்குத் தடை இல்லை. விடுதி நடத்தத்தான் இடம் தரவில்லை. அதற்குப் பதில் 1871-இல் திறந்த பெரிய மன்றத்தில் நூலகம், வாசிப்பறை, விரிவுரைக்கூடம், உடற்பயிற்சி இடம் எல்லாம் அமைத்தார். இன்று அதன் பெயர் விக்டோரியா ஹால். அதன் எதிரே பள்ளிக்கூடம். இரண்டுக்கும் முன்னால் நான்கு கல் சிங்கங்கள் இருக்கின்றன. குழந்தைகளோடு போனால் அங்கே அரை மணி நேரம் போய்விடும்.

வயதாகி வேலை செய்ய முடியாதவர்களின் கதி?

1868-இல் அவர்களுக்காக 45 சிறு வீடுகள் கட்டினார்கள். வாடகை கிடையாது. தனியாக இருப்பவருக்கு வாரம் 7 ஷில்லிங் 6 பென்ஸ், தம்பதிக்கு 10 ஷில்லிங் உதவித்தொகையும் உண்டு. பிரிட்டனில் அரசாங்க முதியோர் ஓய்வூதியம் 1909-இல்தான் வழங்கத் தொடங்கினார்கள். அதற்கு நாற்பது வருடம் முன்பு இது. நடுவில் புல்வெளியும் மரங்களும் வைத்து, வீடுகள் அதைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்படி அமைத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் சால்ட் வள்ளலா? இல்லை, ஆட்களைக் கைக்குள் வைத்துக்கொண்டாரா?

இரண்டும் ஒரே சுவரில் இருக்கிறது. அவர் 1876-இல் இறந்தபோது இறுதி ஊர்வலத்தைப் பார்க்க லட்சம் பேர் தெருவில் நின்றார்கள் என்கிறார்கள். அதை யாரும் கட்டாயப்படுத்தி நிற்க வைத்திருக்க முடியாது. ஆனால் இதையும் யோசியுங்கள்: வேலை கொடுத்தவரும் வீட்டுக்காரரும் ஒரே ஆள். வேலை போனால் கூரையும் போகும். பிள்ளைகள் பாதி நாள் பள்ளியிலும் பாதி நாள் ஆலையிலும் இருந்தார்கள். எட்டு வயதிலிருந்தே அது அன்றைய சட்டப்படி சரி.

ஒருவர் நல்ல வீடு கொடுத்தார் என்பதற்காகக் கட்டுப்பாட்டை மறைக்கவும் வேண்டாம், கட்டுப்பாடு இருந்தது என்பதற்காகக் குழாய்த் தண்ணீரைச் சிறுமைப்படுத்தவும் வேண்டாம் என்பது என் கருத்து. காலரா ஓடையிலிருந்து தப்பி வந்த ஒரு தாய்க்கு அந்தக் குழாய் என்னவாக இருந்திருக்கும் என்று அந்தச் சமையலறையில் நின்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் வேறு யாரும் இப்படிக் கட்டவில்லையா?

கட்டினார்கள். ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் இதற்கு அரை நூற்றாண்டுக்கும் முந்தியது. பக்கத்திலேயே ஹாலிஃபேக்ஸில் எட்வர்ட் அக்ராய்ட் என்ற ஆலை முதலாளி 1859 முதல் அக்ராய்டன் என்ற கிராமத்தை எழுப்பினார். அவருக்குப் பிடித்தது கூர்வளைவு வைத்த காதிக் பாணி. வீடுகள் ஏழைகளுக்கான தருமவிடுதி மாதிரி இருக்கிறது என்று குடிவரப்போகிறவர்கள் முகம் சுளித்தார்களாம். சால்ட்டேரிலிருந்து ஒரு முக்கிய வித்தியாசம், அங்கே தொழிலாளிகள் தவணை கட்டி வீட்டைச் சொந்தமாக்கிக்கொள்ள வழி வைத்தார்கள். சோப்பு வியாபாரி லீவரின் போர்ட் சன்லைட், சாக்லேட் குடும்பமான கேட்பரியின் போர்ன்வில் இரண்டும் பிற்பாடு வந்தவை. அவற்றில் தோட்டமும் இடைவெளியும் அதிகம்.

வீடுகள் எப்போது தனியார் கைக்குப் போயின? ஆலை என்ன ஆனது?

சால்ட்டுக்குப் பிறகு தொழில் தேய்ந்தது. 1892-இல் நிறுவனம் கலைக்கப்பட்டு வேறு முதலாளிகள் வந்தார்கள். 1933-இல் வீடுகளை ஒரு சொத்து நிறுவனம் மொத்தமாக வாங்கிப் பிறகு ஒவ்வொன்றாக விற்றது. ஆலை 1986-இல் நின்றது. அடுத்த வருடமே ஜோனதன் சில்வர் என்ற உள்ளூர்க்காரர் அதை வாங்கி, பிராட்ஃபோர்டில் பிறந்த ஓவியர் டேவிட் ஹாக்னியின் படங்களுக்கு அங்கே காட்சிக்கூடம் திறந்தார். 2001-இல் ஊர் முழுவதும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

இந்த மாதிரி வீட்டை வாங்கினால் எப்படிப் பராமரிப்பது?

சிமெண்டைக் கிட்டே விடாதீர்கள். நான் இருந்த வீட்டில் குளிர்காலம் வந்தாலே கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறும். அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை, போர்வையில் ஒரு மக்கிய வாசனை. மருந்தடித்தோம், பெயிண்ட் அடித்தோம், போகவில்லை. கடைசியில் வயதான கல்தச்சர் ஒருவர் வந்து வெளிச்சுவரைத் தடவிப் பார்த்தார். கற்களுக்கு இடையில் இருந்த பூச்சைச் சாவியால் சுரண்டினார். சாவிதான் தேய்ந்தது. "சிமெண்ட்" என்றார்.

விஷயம் இதுதான். பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. மழை ஈரத்தைச் சுவர் கொஞ்சம் உள்வாங்கும். வெயில் வந்ததும் கல்லைவிட மென்மையான அந்தச் சாந்து வழியாக ஈரம் வெளியே போய்விடும். சுவர் மூச்சு விடுகிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். இணைப்பில் சிமெண்டை அடைத்தால் ஈரத்துக்கு வழி இல்லை. ஒன்று வீட்டுக்குள் வரும், இல்லையென்றால் கல்லின் முகத்துக்குப் பின்னால் தங்கி, பனியில் உறைந்து விரிந்து, கல்லையே செதில் செதிலாக உரித்துவிடும். எங்கள் வாசலோரத்தில் அப்படி ஒரு கல் உள்ளங்கை அளவு உரிந்திருந்தது. சுத்தியல் கொத்து இருந்த முகம் மொத்தமாகப் போய்விட்டது. நூற்றைம்பது வருடம் மழையில் நின்ற கல் சில வருடச் சிமெண்டுக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்காரர் சம்மதித்து, பூச்சைப் பொறுமையாகக் கையால் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு வைத்தார்கள். அடுத்த குளிர்காலத்தில் ஈரக்கோடு பாதியாக இறங்கியது. இன்னொன்று: இவை சட்டப் பாதுகாப்பு உள்ள கட்டடங்கள். ஜன்னலையோ கதவையோ மாற்றும் முன்பு உள்ளாட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும். பிளாஸ்டிக் ஜன்னல் போடலாமா என்று கேட்காதீர்கள். மேலும் கீழும் நகரும் பழைய மர ஜன்னலைப் பழுது பார்த்தால் இன்னொரு தலைமுறைக்கு வரும்.

பார்க்கப் போனால் எங்கிருந்து தொடங்குவது?

லீட்ஸிலிருந்தோ பிராட்ஃபோர்டிலிருந்தோ ஸ்கிப்டன் போகும் ரயிலில் ஏறினால் ஊருக்குள்ளேயே இறங்கலாம். எல்லாரும் நேராக ஆலைக்குள் போவார்கள். நீங்கள் முதலில் ஆல்பர்ட் சாலைக்குப் போய்ப் பெரிய வீடுகளைப் பாருங்கள். பிறகு தொழிலாளர் தெரு ஒன்றின் வழியாக நடந்து, கடைசியில் பின்சந்துக்குள் திரும்புங்கள். கொல்லைச் சுவர்களும் பழைய கக்கூஸ் இருந்த மூலைகளும் அங்கேதான் இருக்கின்றன. இப்போதும் ஆட்கள் குடியிருக்கும் வீடுகள் இவை. கதவு திறந்தால் கூடம்தான், ஆகவே ஜன்னல் அருகே நின்று படம் எடுக்காதீர்கள்.